கால் பயிற்சிக்கு மறுநாள் வலி: நடப்பதா, ஐஸா, ஒத்தடமா, மாத்திரையா?

நேற்று ஸ்குவாட்டும் (உட்கார்ந்து எழுவது) லஞ்சும் (ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்குவது) போட்டு முடித்தபோது ஒன்றும் தெரியவில்லை. இன்று காலை நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடாக இருக்கிறது. இந்த நிலையில் யாரிடம் கேட்டாலும் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்வார்கள். ஐஸில் கால் வை என்பார் ஒருவர், வெந்நீர் ஒத்தடம் என்பார் இன்னொருவர். அசையாமல் படு, நன்றாக நட, ஒரு மாத்திரை போடு என்று யோசனைகள் நீளும். இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரிந்தாலும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சூழலுக்குப் பொருந்தும். உங்கள் சூழல் எது என்று தெரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

## இந்த வலி எங்கிருந்து வருகிறது

லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்ற விளக்கம் இன்னும் உடற்பயிற்சிக் கூடங்களில் உலவுகிறது. அது சரியல்ல. கடும் பயிற்சியில் ஏறும் லாக்டேட் (அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) அளவு பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த வலியோ 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டுகிறது, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடுகிறது, ஐந்து முதல் ஏழு நாளில் தானாக அடங்குகிறது.

தசைக்குள் ஏற்படும் நுண்ணிய சிதைவுதான் இதற்குக் காரணம் என்று அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே எழுதினார். தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும்போது இந்தச் சிதைவு அதிகம். ஸ்குவாட்டில் கீழே அமரும் பாதி, சரிவில் இறங்கி ஓடுவது, படி இறங்குவது எல்லாம் அந்த வகை. சிதைந்த இடத்தைச் சரிசெய்ய உடல் அழற்சியைத் தூண்டுகிறது. அங்குள்ள நரம்பு முனைகள் கூச்சம் கொள்வதால் தொட்டாலும் நீட்டினாலும் வலிக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: கீழே வரும் வழிகளில் பெரும்பாலானவை வலியின் உணர்வைக் குறைக்கின்றன, தசை சீராகும் வேகத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. வலி போன பிறகும் வலிமை முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். வலி இல்லை என்பதை மட்டும் வைத்து அடுத்த கனமான பயிற்சிக்குப் போகிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

## ஒப்பீட்டுக்கு முன்: இது சாதாரண வலிதானா?

இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில், தசை முழுக்கப் பரவிய மந்தமான வலி என்றால் மேலே படியுங்கள். கீழுள்ளவற்றில் ஏதாவது இருந்தால் ஐஸா ஒத்தடமா என்று யோசிக்க வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

- சிறுநீர் கோலா அல்லது கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. தொடை வீங்கி இறுகியிருக்கிறது. காலைத் தூக்கவே பலமில்லை. இது ராப்டோமயோலிசிஸாக, அதாவது தசை பெருமளவில் சிதையும் நோயாக இருக்கலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.
- ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்திருக்கிறது. ரத்தக்கட்டி இருக்க வாய்ப்புண்டு. இந்தக் காலைப் பிடித்துவிடக் கூடாது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.
- பயிற்சியின் நடுவே சுரீரென்று வந்து, விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் நிற்கிறது, அல்லது ரத்தம் கன்றியிருக்கிறது. தசைநார் கிழிந்திருக்கலாம்.
- வலி நேரத்துக்கு நேரம் கூடிக்கொண்டே போய், பாதம் மரத்துப்போகிறது. இதற்கும் அவசர சிகிச்சை தேவை.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்து எடுப்பவர்களுக்கு வழக்கத்தை மீறிய தசைவலி வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரவில் கெண்டைக்காலைச் சுண்டி இழுக்கும் குரக்களி வேறு சங்கதி; அதற்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான்கு கேள்விகள் போதும்.

அடுத்த முறை கால் முழு வேகத்தில் உழைக்க வேண்டியது எப்போது? நாளைக்கே போட்டி என்பவருக்கும் அடுத்த கால் பயிற்சி ஐந்து நாள் கழித்து என்பவருக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. மற்ற மூன்றையும்விட இந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

எதற்காகப் பயிற்சி செய்கிறீர்கள்? தசை பெருக வேண்டும், வலிமை கூட வேண்டும் என்றால் அழற்சியை அடியோடு அடக்குவது உங்களுக்கு எதிராகவே போகலாம். வளர்ச்சிக்கான செய்திகளும் அதே வழியில்தான் போகின்றன.

நிவாரணம் எவ்வளவு, எத்தனை மணி நேரம்? ஒரு மணி நேரம் சுகமாக இருப்பதும் மூன்று நாள் வலி குறைவதும் ஒன்றல்ல.

மறைந்திருக்கும் விலை என்ன? நேரம், ஏற்பாடு, வயிறு, சிறுநீரகம், தோல், பயிற்சியின் பலன் என்று இது பல வடிவத்தில் வரும்.

| வழி | ஒரு தடவைக்கு | வலிக்குறைப்பு | மறைந்த விலை | யாருக்கு |
|---|---|---|---|---|
| மெல்ல நடப்பது, சைக்கிள் | 20–30 நிமிடம் | நன்று, ஆனால் சிறிது நேரமே | வேகம் கூடினால் கூடுதல் சிதைவு | ஏறக்குறைய எல்லாருக்கும் |
| குளிர்நீர்க் குளியல் | 10–15 நிமிடம் | மிதம், சில நாள் வரை | தசை வளர்ச்சி குறைதல், இதயத்துக்குச் சுமை | ஓரிரு நாளில் மீண்டும் ஆடுபவருக்கு |
| சூடு | 15–20 நிமிடம் | மிதம் | தோல் சுடுதல் | விறைப்பு அதிகம் உள்ளவருக்கு |
| மசாஜ் | 10–30 நிமிடம் | நல்லது | இன்னொருவர் தேவை. அழுத்தம் மீறினால் கன்றும் | உதவி கிடைப்பவருக்கு |
| ஃபோம் ரோலர் (தசைக்கு அடியில் வைத்து உருட்டும் நுரை உருளை) | 10–20 நிமிடம் | சிறிது முதல் மிதம் வரை | செய்யும்போது வலி | தனியாகச் செய்பவருக்கு |
| வலி மாத்திரை | – | மாறுபடும் | வயிறு, சிறுநீரகம், வளர்ச்சி | தவிர்க்க முடியாத ஓரிரு நாளுக்கு |

## மெல்ல அசைவது

எந்தக் கருவியும் இல்லாமல் உடனே பலன் தருவது இதுதான், முதலில் பரிந்துரைக்க வேண்டியதும் இதுதான். சமதளத்தில் 20 முதல் 30 நிமிட நடை. முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் போதும். சைக்கிள் என்றால் மிகக் குறைந்த எதிர்ப்பில் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று. நீந்தத் தெரிந்தவர்களுக்கு நீச்சல் இன்னும் நல்லது, ஏனென்றால் தண்ணீரில் உடலின் எடையைத் தசை தாங்கி இறங்க வேண்டியதில்லை.

முதல் ஐந்து நிமிடம் மோசமாகத்தான் இருக்கும். பிறகு தசை சூடேறி வலி தணியும். பயிற்சியை நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் வலி திரும்பவும் வரும். இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த வழியின் இயல்பே அப்படித்தான். அதனால் ஒரே தடவை ஒரு மணி நேரம் நடப்பதைவிட நாளில் இரண்டு மூன்று தடவை 15 நிமிடம் நடப்பது பயன் தரும்.

பிழை நேர்வது இரண்டு இடங்களில். ஒன்று, இறக்கமுள்ள பாதையைத் தேர்ந்தெடுப்பது; வலியை உண்டாக்கிய அதே அசைவை மறுபடி கொடுக்கிறீர்கள். இரண்டு, 'வலியை வலியால் முறிப்போம்' என்று மறுநாளே கனமான ஸ்குவாட்டுக்குப் போவது. சூடேறியதும் வலி மறைவதால் எல்லாம் சரியாகிவிட்டது போல் தோன்றும், ஆனால் வலிமை குறைந்த தசை சுமையில் தடுமாறி முழங்காலும் இடுப்பும் கோணும்.

முழு ஓய்வு எப்போது மேல்? நொண்டாமல் நடக்கவே முடியாதபோதும், காய்ச்சலோ உடல் சோர்வோ சேர்ந்திருக்கும்போதும். மற்றபடி நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் விறைப்புதான் மிஞ்சும்.

## குளிர்நீர்க் குளியல்

விளையாட்டு வீரர்கள் ஐஸ் தொட்டியில் அமரும் படங்கள் பரவிய பிறகு இதுதான் மிக அதிகம் கேட்கப்படும் வழி. பலன் உண்மைதான். 17 சிறிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) மறுஆய்வு, சும்மா ஓய்வெடுத்தவர்களோடு ஒப்பிட்டால் குளிர்நீரில் இருந்தவர்களுக்கு 24 முதல் 96 மணி நேரம் வரை வலி குறைவு என்று கண்டது.

செய்முறை: தண்ணீர் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ், இடுப்பு வரை மூழ்க வேண்டும், 10 முதல் 15 நிமிடம். பயிற்சி முடிந்த சிறிது நேரத்துக்குள் செய்தால்தான் பொருள் உண்டு. மறுநாள் வலி வந்த பிறகு இறங்கினால் கிடைப்பது பெரும்பாலும் மரத்துப்போகும் உணர்வு மட்டுமே.

ஐஸ் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீரை 14 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 12 கிலோ ஐஸ் கரைய வேண்டும், உடல் சூட்டுக்கும் தொட்டியின் சூட்டுக்கும் இன்னும் கொஞ்சம். இரண்டு தட்டு ஐஸ் கட்டிகளைப் பக்கெட்டில் கொட்டி அதில் பாதத்தை வைப்பது தொடைவலிக்கு எதுவும் செய்யாது. தெர்மாமீட்டர் இல்லாமல் ஊகத்தில் இறங்காதீர்கள். காலைச் சுற்றியுள்ள நீர் சீக்கிரம் சூடாகிவிடும் என்பதால் இடையிடையே கலக்கி விட வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே போவதால் கூடுதல் பலன் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது; தோலும் நரம்பும் பாதிக்கப்படும் வாய்ப்புதான் கூடும்.

இப்போது மறைந்திருக்கும் விலைக்கு வருவோம். 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் கால் வலிமைப் பயிற்சி செய்த ஆண்களில் ஒரு பிரிவினர் ஒவ்வொரு தடவையும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் இருந்தார்கள். இன்னொரு பிரிவினர் மெல்லச் சைக்கிள் மிதித்தார்கள். முடிவில் தசை வளர்ச்சியும் வலிமையும் சைக்கிள் மிதித்தவர்களுக்கே அதிகம். தொடை பெருக வேண்டும் என்று மாதக்கணக்கில் உழைக்கிறவர் ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஐஸில் இறங்குவது, சம்பாதித்ததில் ஒரு பங்கைத் தானே தண்ணீரில் விடுவது போலத்தான்.

ஆனால் இன்று மாலை ஒரு ஆட்டம், நாளை மறுநாள் இன்னொன்று என்று தொடர் நடக்கும்போது தசை வளர்ச்சி அன்றைய கவலையே இல்லை. அங்கே குளிர்நீர்தான் சரியான தேர்வு.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குளிரில் விரல் வெளுக்கும் ரேனாட் நோய், நரம்பு உணர்வு குறைந்த சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். குளிர்நீரில் திடீரென்று இறங்கும்போது மூச்சு வாங்கி இதயத் துடிப்பு எகிறும். அதனால் யாரும் தனியாக இறங்கக் கூடாது.

## சூடு

வெதுவெதுப்பான குளியல், வெந்நீர்ப் பை, ஈரத்துணி ஒத்தடம் எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ரத்த ஓட்டத்தைக் கூட்டி, இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. தசை வளர்ச்சிக்குக் கேடு என்ற கவலை இங்கே இல்லை. 38 முதல் 40 டிகிரி நீரில் 15 முதல் 20 நிமிடம் போதுமானது. இரண்டாம் நாள் காலையில் கால் மரக்கட்டை போல இருக்கும்போது, நடக்கப் போவதற்கு முன் இதைச் செய்தால் அந்த மோசமான முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் எளிதாகும்.

வெந்நீர்ப் பையை நேராகத் தோலில் வைக்காமல் ஒரு துண்டைச் சுற்றி வையுங்கள். அதை வைத்துக்கொண்டே தூங்கிவிட்டால் தோல் வெந்துபோகலாம். வீக்கமோ கன்றலோ இருந்தால் சூடு வேண்டாம். வெந்நீரில் நெடுநேரம் இருந்துவிட்டுச் சட்டென எழுந்தால் தலைசுற்றும்.

## மசாஜும் ஃபோம் ரோலரும்

மீட்பு முறைகளை ஒப்பிட்டு 99 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு அலசலில் வலியையும் களைப்பையும் குறைப்பதில் மசாஜே முதலிடம் பிடித்தது. கைத்தசையில் செய்த 2005 ஆய்வு ஒன்றில், பயிற்சிக்கு மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்த 10 நிமிட மசாஜ் வலியைச் சுமார் 30 சதவீதம் குறைத்தது. வலிமை மட்டும் முன்கூட்டித் திரும்பவில்லை. வலியும் வலிமையும் தனித்தனி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

பாதத்திலிருந்து இடுப்பை நோக்கி நீண்ட, மெல்லிய தடவல்கள். ஒரு காலுக்கு 10 முதல் 15 நிமிடம். ஆழமாகக் குத்திப் பிசைந்தால் சீக்கிரம் குணமாகும் என்பது தவறான நம்பிக்கை. ஏற்கெனவே சிதைந்த தசையைக் கன்ற வைப்பதுதான் மிச்சம். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து எடுப்பவர்கள் அழுத்தமான மசாஜைத் தவிர்க்க வேண்டும்.

இன்னொருவர் கை கிடைக்காதபோது ரோலர். முன்தொடை, பின்தொடை, தொடையின் உள்பக்கம், பிட்டம், கெண்டைக்கால் என்று ஒவ்வொரு இடத்துக்கும் 45 முதல் 60 வினாடி, இரண்டு சுற்று. வினாடிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலித்தால் கையை அதிகம் ஊன்றி எடையைக் குறையுங்கள். முழங்காலுக்குப் பின்குழியிலும் எலும்பின் மீதும் உருட்டக் கூடாது. முதல் தடவை வாங்குபவர்களுக்கு முள் முள்ளான கடின ரோலர் வேண்டாம், வழவழப்பான நடுத்தர அடர்த்தி போதும்.

## வலி மாத்திரை

பலர் முதலில் கை வைப்பது இதில். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு.

பாராசிட்டமால் இந்த வகை வலிக்குப் பெரிதாகக் கேட்பதில்லை. இபுப்ரோஃபென் சிலருக்குக் கேட்கும். மருந்துச்சீட்டு இல்லாமல் எடுக்கும்போது பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 200 முதல் 400 மில்லிகிராம், நாளுக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, சாப்பிட்ட பிறகு எடுப்பது வயிற்றுக்கு நல்லது. ஸ்வீடனில் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், எட்டு வாரம் தினமும் இந்த 1200 மில்லிகிராமை எடுத்த இளைஞர்களின் முன்தொடைத் தசை வளர்ச்சி, குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுத்தவர்களின் வளர்ச்சியில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. ஒரு நாள் எடுத்தால் இப்படி ஆகிவிடாது. வழக்கமாக்கிக்கொண்டால்தான் சிக்கல்.

இதைவிடக் கவலை தரும் விஷயம், கடுமையாக வியர்த்து நீர் வற்றிய உடம்போடு இந்த மாத்திரையை எடுப்பது. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை அது குறைக்கும். தசைச் சிதைவு அதிகமாக உள்ள அதே நாளில் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. பயிற்சிக்கு முன்பே 'வலி வராமல் இருக்க' என்று போட்டுக்கொள்வது இன்னும் மோசம், உடம்பு தரும் எச்சரிக்கையை அது மறைத்துவிடுகிறது. வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து, மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வலியால் தூக்கமே வரவில்லை, அல்லது மறுநாள் நின்றே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது என்றால் ஒன்றிரண்டு வேளை எடுப்பதில் தவறில்லை. தோலில் தடவும் டிக்லோஃபெனாக் ஜெல் உடம்புக்குள் போகும் மருந்தின் அளவைக் குறைக்கும், ஆனால் இரண்டு தொடை முழுக்கப் பூசினால் அந்த நன்மை கரைந்துவிடும்.

## மற்றவை

நீட்சிப் பயிற்சியை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. 2011 காக்ரேன் மறுஆய்வின்படி 100 புள்ளி அளவுகோலில் அது குறைக்கும் வலி ஒன்றிரண்டு புள்ளிதான். பெரிய ஆய்வில்கூட 4 புள்ளி. இதமாக இருந்தால் மெல்லச் செய்யுங்கள், வலிக்கும் தசையை வலிந்து இழுக்காதீர்கள்.

கம்ப்ரஷன் சாக்ஸும் இறுக்க உடையும் சிறிது உதவும். பயணத்தில் உட்கார்ந்தே இருக்க வேண்டியவருக்கு நல்லது. காலில் ரத்த ஓட்டக் குறைபாடு உள்ளவர்கள் அணியக் கூடாது.

உணவும் தூக்கமும் இன்றைய வலியைக் குறைக்காது, ஆனால் தசையைக் கட்டுவது அவைதான். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்பது வலிமைப் பயிற்சி செய்பவருக்கு நல்ல இலக்கு. 60 கிலோ உள்ளவருக்கு அது 96 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 24 கிராம்.

## உங்கள் சூழலுக்கு எது

அடுத்த கால் பயிற்சிக்கு நான்கைந்து நாள் இருக்கிறது, தசை வளர வேண்டும்: நடை, சூடு, தூக்கம். விருப்பம் இருந்தால் ரோலர். ஐஸும் மாத்திரையும் வேண்டாம்.

நாளையோ மறுநாளோ போட்டி: ஆட்டம் முடிந்ததும் குளிர்நீர், மாலையில் மென்மையான மசாஜ், மறுநாள் காலை 15 நிமிட சைக்கிள்.

முதல் தடவை பயிற்சிக்குப் போய் நடக்கவே சிரமமாக இருக்கிறது: முதலில் சிறுநீர் நிறத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் வெதுவெதுப்பான குளியலும் வீட்டுக்குள் சிறுசிறு நடையும். இப்படியே ஒவ்வொரு வாரமும் இருக்கும் என்று பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு முறை இந்த அனுபவத்தைக் கண்ட தசை அடுத்த பல வாரங்களுக்கு அதே சுமையில் மிகக் குறைவாகவே வலிக்கும். வேறெந்தச் சிகிச்சையும் இதற்கு ஈடில்லை.

நாள் முழுக்க நின்று வேலை: இறுக்க சாக்ஸ், இடைவேளைகளில் இரண்டு நிமிடம் நடை, தாங்கவே முடியாவிட்டால் ஒரு வேளை மாத்திரை.

## மீண்டும் கால் பயிற்சிக்குப் போகலாமா என்று பார்க்க

ஐந்து முதல் பத்து நிமிடம் சூடேற்றிக்கொண்டு, எடையில்லாமல் 10 ஸ்குவாட் மெதுவாகப் போடுங்கள். வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், இரண்டு காலும் சமமாக எடை தாங்கினால் அன்று வழக்கமான செட்டில் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) பாதியைப் போடலாம். ஒரு பக்கம் சாய்ந்தாலோ, கீழே போகும்போது கால் நடுங்கினாலோ அன்று கையும் முதுகும் செய்துவிட்டுக் காலை இரண்டு நாள் கழித்துப் பாருங்கள்.

புதிதாக ஓர் அசைவைத் தொடங்கும் வாரத்தில் ஐந்து செட் போடாமல் இரண்டோடு நிறுத்துங்கள், பாதி எடையில். கீழே இறங்கும் பாதியை வேண்டுமென்றே மிக மெதுவாகச் செய்யும் பாணியை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.